பொதுப்பணியின் விலையை இறுப்போர் யார்? பெங்களூர்ப் புறநாட்டு வேளாண் நிலங்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

அரசு மேற்கொள்ளும் எந்தப் பொதுப்பணிக்கும் இரண்டு பொருள்கள் இன்றியமையாதன. ஒன்று பணம்; மற்றொன்று நிலம். பணம் வரியின் வழியாக வருகிறது. அது பல கோடி மக்களிடமிருந்து சிறிது சிறிதாகத் திரட்டப்படுவது, சட்டமன்றத்தில் கணக்காக வைக்கப்படுவது, தணிக்கைக்கு உட்படுவது. நிலம் அவ்வாறு வருவதில்லை. சாலை செல்லும் தடத்தில் எவருடைய வயல் கிடக்கிறதோ அவரிடமிருந்து மட்டுமே, ஒரே தடவையில், முழுமையாக வருகிறது. பணத்தைத் தருவோர் எல்லோரும். நிலத்தைத் தருவோர் சிலர். இவ்வேற்றத்தாழ்வு நிலத்தின் இயல்பால் விளைவது. எனவே அதனை முற்றாக நீக்குதல் எந்த அரசுக்கும் இயலாது.

ஆயினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டியுள்ளது. பணிக்கு இடமாக நிலத்தை எடுப்பது ஒன்று. பணிக்குக் கூலியாக நிலத்தை எடுத்துக் கொடுப்பது மற்றொன்று. முன்னதில் உழவர் சாலைக்கு வழிவிடுகிறார். பின்னதில் உழவரே சாலைக்கு விலை கொடுக்கிறார். சட்டமும் ஆட்சித்துறையும் இவ்விரண்டையும் ‘பொதுநோக்கம்’ என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிடுகின்றன. இவை அறத்தின்முன் ஒன்றாகுமா என்பதே இக்கட்டுரையின் வினா. பெங்களூரைச் சூழ்ந்த ஊர்களில் கடந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவை இவ்வினாவுக்குப் போதிய சான்றுகளைத் தருகின்றன.

கல்வெட்டு காட்டும் கணக்கு

பெங்களூரின் மடிவாளத்தில் உள்ள சோமேசுவரர் கோயிலில் கி.பி. 1247ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது பெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் அமைந்த நிலம் கொடையாக அளிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. நிலத்தை அடையாளப்படுத்த ஏரியே போதுமானதாக இருந்தது என்பது நோக்கத்தக்கது. பேராறு எதுவும் பாயாத இப்பீடபூமியில் ஏரி வெட்டுதலும் அதன் கரையைக் காத்தலுமே முதன்மையான பொதுப்பணிகளாக இருந்தன. அப்பணிகளுக்கு உரிய செலவு பெரும்பாலும் நிலமாகவே கொடுக்கப்பட்டது. கன்னடக் கல்வெட்டுகளில் ‘கட்டுக்கொடகெ’ எனப்படும் கொடை, ஏரியைக் கட்டியவருக்கோ பழுதுபார்த்தவருக்கோ அவ்வேரியின் கீழேயே இறையிலியாக நிலம் விடுவதாகும். விசயநகரக் காலத்துத் ‘தசவந்தம்’ என்பதும் இவ்வகையினதே. தமிழகத்தில் ஏரிப்பட்டி என வழங்கிய நிலம் ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது.

ஆகவே பொதுப்பணிக்கு நிலத்தைக் கூலியாகத் தருதல் இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமை அன்று. ஆனால் பழைய முறையில் இரண்டு கூறுகள் இருந்தன. முதலாவது, கூலியாகப் பெற்ற நிலத்தின் மதிப்பு, செய்த பணியின் தரத்தைச் சார்ந்திருந்தது. ஏரி உடைந்தால் அதனைக் கட்டியவருடைய வயலும் காயும். இரண்டாவது, அந்நிலம் வயலாகவே நீடித்தது. பணியின் பயனை நுகர்வோரும் பணிக்கு விலை தருவோரும் ஒரே நீர்ப்பாசன எல்லைக்குள் வாழ்ந்தனர்.

கணக்கை மறைக்காமையும் அக்கால முறையின் ஓர் இயல்பாகும். சோழர் காலத்தில் ஒரு நிலம் இறையிலியாக்கப்பட்டபோது அதன்மேல் விழுந்த இறை மாயமாய் மறைந்துவிடவில்லை. ஊர்ச்சபையார் ஒரு தொகையை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்கான இறையைத் தாமே இறுப்பதாக உடன்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் பல பதிவு செய்துள்ளன. இறைகாவல் என்று இம்முறை அறியப்படுகிறது. ஒருவருக்குச் சலுகை அளித்தால் அதன் சுமை எவர் தோளில் ஏறுகிறது என்பதும் கல்லில் எழுதப்பட்டது.

இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. சபையாரின் கையொப்பம் கல்லில் இருக்கிறது. ஏரியில் மண் சுமந்தவரின் பெயர் இல்லை. வெட்டி என்னும் கூலியில்லா உழைப்பும் அக்காலத்துப் பொதுப்பணியின் ஒரு பகுதியே. மேலும் ‘குடிநீக்கி’ என்னும் ஒரு சொல் தேவதானக் கொடைகளில் வழங்குகிறது. நிலத்தைக் கொடையாகத் தருங்கால் ஏற்கெனவே அதில் இருந்த குடிகளின் உரிமை நீக்கப்பட்டதை அச்சொல் குறிக்கும். அதற்கு மறுதலையாகக் ‘குடிநீங்கா’ என்பதும் உண்டு. குடிகளை வெளியேற்றுதல் அன்றும் நடந்தது. ஆனால் அதனை நடந்தது என்றே சொல்லும் ஒரு கலைச்சொல் அன்றைய ஆவணமொழியில் இருந்தது. இற்றை அறிவிக்கைகளில் நில அளவை எண்ணும் பரப்பும் உரியவர் பெயரும் உள்ளன. குடி நீங்குமா நீங்காதா என்பதற்குப் பத்தி இல்லை.

சாலைக்குக் கூலியான நிலம்

பெங்களூரையும் மைசூரையும் இணைக்கும் விரைவுச்சாலைத் திட்டம் 1995ஆம் ஆண்டில் புரிந்துணர்வு உடன்படிக்கையாகத் தொடங்கியது. 1997 ஏப்ரலில் கருநாடக அரசு தனியார் நிறுவனம் ஒன்றுடன் கட்டமைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. 111 கிலோமீட்டர் விரைவுச்சாலை, பெங்களூரின் புறத்தே 41 கிலோமீட்டர் சுற்றுச்சாலை, ஓர் இணைப்புச்சாலை, வழிநெடுக ஐந்து நகரியங்கள் என்பன திட்டத்தின் உறுப்புகள். இதற்கு வேண்டிய நிலம் 20,193 ஏக்கர் எனக் கணக்கிடப்பட்டது. அதில் 13,237 ஏக்கர் தனியாருடையது. 6,956 ஏக்கர் அரசுடையது. அரசு நிலம் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் குத்தகையில் தரப்படும் என முடிவாயிற்று.

மொத்தப் பரப்பில் சாலைக்கெனக் கொள்ளப்பட்டது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது நகரியங்களுக்கு உரியது. சாலை அமைக்கும் செலவைச் சுங்கக் கட்டணம் மட்டும் ஈடுசெய்யாது. நகரியங்களின் நிலத்தை மேம்படுத்தி விற்பதால் வரும் வருவாயே திட்டத்தைத் தாங்கும் என்பது இவ்வமைப்பின் உட்பொருள். சாலையும் நகரியங்களும் பிரிக்கவொண்ணாத ஒரே திட்டம் என்னும் கருத்தை நீதிமன்றங்கள் ஏற்றன. 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திட்டத்தை உறுதிசெய்தது.

சட்டத்தின் நோக்கில் இத்தீர்ப்பு எவ்வாறாயினும், அறத்தின் நோக்கில் நிகழ்ந்தது யாது என்பதைத் தனியே காண வேண்டும். கருவூலத்திலிருந்து சாலைக்குப் பணம் ஒதுக்கியிருந்தால் மாநிலத்து மக்கள் அனைவரும் அதனைச் சுமந்திருப்பர். அதற்கு மாறாக நிலம் நாணயமாயிற்று. விளைநிலத்தின் விலைக்கு எடுக்கப்பட்டு நகர மனையின் விலைக்கு விற்கத்தக்க நிலத்தில் அவ்விரு விலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே சாலையின் செலவு. அந்த வேறுபாடு எவருக்கு உரியது? நிலம் நகர மனையாக மாறும் பேறு அதன் உடையவரின் உழைப்பால் வந்ததன்று; சாலையால் வந்தது என்று விடை கூறுவர். உண்மையே. ஆனால் சாலை அந்நிறுவனத்தின் உழைப்பால் மட்டும் மதிப்புப் பெற்றதன்று; நகரின் வளர்ச்சியால் பெற்றது. எவருடைய உழைப்பாலும் வராத ஒரு மிகுதியைப் பொதுவுக்கு ஆக்குதல் நேரிது. ஒரு சாராரிடமிருந்து மட்டும் எடுத்து அதனைப் பொதுச் செலவுக்கு ஈடாக்குதல் நேரிதன்று. அரசின் வரவு செலவுக் கணக்கில் செலவாக எழுதப்படாமையால் இது செலவே இன்றி வந்த சாலைபோலத் தோற்றம் தருகிறது. இத்தோற்றமே இங்கு ஆய்வுக்குரிய தீங்கு.

கோட்டுக்கு உள்ளே இருந்த உழவரையும் வெளியே இருந்த உழவரையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும். இருவர் வயலும் ஒரே வரப்பால் பிரிக்கப்பட்டவை. மண்ணும் நீரும் ஒன்றே. நில அளவையாளர் இட்ட கோட்டுக்கு வெளியே நின்றவர் சாலை வருகையால் செல்வராகிறார். அவர் பொதுப்பணிக்குத் தந்தது எதுவும் இல்லை. உள்ளே நின்றவர் இழப்பீட்டைப் பெற்று வெளியேறுகிறார். மேம்பாட்டு வரி என்னும் கருவியால் வெளியே நின்றவரின் மிகுதியில் ஒரு பங்கைப் பெற்றுச் சாலைக்குச் செலவிடுதல் இயலாததன்று. அது கடினமானது; வாக்குகளை இழக்கச் செய்வது. நிலத்தைக் கையகப்படுத்துதல் ஒப்பளவில் எளிது. எளிமை காரணமாகத் தேர்ந்த வழியை இன்றியமையாமை என்று பெயரிட்டு வழங்குதல் ஆட்சியாளரின் பழைய வழக்கம்.

இதே இரு நகரங்களுக்கு இடையே இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 118 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை விரிவாக்கி அமைத்தது. 2023 மார்ச்சு 12 அன்று அது திறக்கப்பட்டது. அதற்கும் நிலம் எடுக்கப்பட்டது. எனினும் எடுத்தது சாலைக்கு, செலவுக்குப் பணம். செலவு பல ஆயிரம் கோடி என்பது பொதுமன்றத்தில் அறியப்பட்டது. சுங்கக் கட்டணம் மிகுதி என்று பயணிகள் போராடவும் இயன்றது. கண்ணுக்குத் தெரியும் செலவைப் பற்றி வழக்காடலாம். 1997இல் ஒப்பந்தமான விரைவுச்சாலையோ சுற்றுச்சாலை, இணைப்புச்சாலை ஆகியவற்றைக் கடந்து மைசூர்வரை இன்றளவும் அமைக்கப்படவில்லை.

நிலத்தை நாணயமாக்கும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1862ஆம் ஆண்டின் பசிபிக் இருப்புப்பாதைச் சட்டத்தின்படி அமெரிக்க அரசு தண்டவாளத்தின் இருமருங்கும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலக்கட்டங்களை இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு அளித்தது. கருவூலத்துக்குச் செலவு குறைந்தது என்று அது பாராட்டப்பட்டது. அந்நிலம் எவருடைய வாழ்விடமாக இருந்ததோ அத்தொல்குடியினர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்தபின், 1960இல், ஆம்ஸ்ட்ராங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் அனைவரும் ஏற்க வேண்டிய சுமையைச் சிலர்மேல் மட்டும் ஏற்றுதலைத் தடுப்பதே இழப்பீட்டு விதியின் நோக்கம் என்னும் கருத்தை வெளியிட்டது. எனினும் 2005இல் கீலோ வழக்கில் அதே நீதிமன்றம், நகரின் பொருளாதார வளர்ச்சிக்கென வீடுகளை எடுத்துத் தனியார் மேம்பாட்டுக்கு வழங்குதலையும் பொதுப்பயன் என ஏற்றது. வீடுகள் அகற்றப்பட்ட அந்த இடம் அதன்பின் பல்லாண்டுகள் வெற்றிடமாகவே கிடந்தது.

பிசிராந்தையாரின் கணக்கு

தமிழ் அறநூல் மரபில் இவ்வினா வரியின் வாயிலாகவே பேசப்பட்டுள்ளது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிப் பழைய செய்க்கடனை நீக்கப் பெற்றார் எனப் புறநானூற்றின் 35ஆம் பாடற்குறிப்பு கூறும். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குதலையே அரசின் தலையாய பணியாக உணர்த்தினார். திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் பொருள் வரும் வழியை உண்டாக்குதல் முதல் அதனைப் பகுத்தளித்தல் ஈறாக நான்கு செயல்களை அரசனுக்கு உரியனவாகக் கூறுகிறது. பகுத்தல் என்பது தொகுத்துக் காத்த பொருளைச் செலவிடும் முறை என்றே பரிமேலழகர் கொண்டார். தொகுக்கும் முறையிலேயே பகுப்பு நிகழ்ந்துவிடுதல் உண்டு என்பதை இக்காலம் காட்டுகிறது. எவரிடமிருந்து தொகுப்பது என்று முடிவு செய்தபோதே எவருக்கு இல்லை என்பதும் முடிவாகிவிடுகிறது.

இவற்றுள் இப்பொருளுக்கு மிக நெருங்கியது பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய செவியறிவுறூஉ. சிறு நிலத்தின் நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு ஆகும். நூறு வயலாயினும் யானை தானே புகுந்தால் அதன் வாயிற் செல்வதைவிடக் காலால் அழிவது பெரிது என்பது அவர் காட்டும் உவமை. உரையாசிரியரும் பின்வந்தோரும் இதனை மிகைவரிக்கு எதிரான அறிவுரையாகவே கொண்டனர். அது பொருந்தும். எனினும் உவமையின் கூர்மை வரியின் அளவில் மட்டும் இல்லை. கொள்ளப்பட்டது, கொள்ளும் முறையால் அழிந்தது என்னும் இரண்டையும் புலவர் பிரித்துக் காட்டுகிறார். அழிந்தது யானைக்கும் உணவாகவில்லை, உழவருக்கும் மிஞ்சவில்லை.

இழப்பீட்டுச் சட்டங்கள் கொள்ளப்பட்டதை அளக்கின்றன. 1894ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், ஊரகப் பகுதிகளில் சந்தை மதிப்பை இரண்டு மடங்குவரை பெருக்கி, அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும் சேர்க்கிறது. இது முந்தைய நிலையினும் பெரிதும் உயர்ந்தது. ஆனால் காலால் அழிவதற்குச் சந்தையில் விலை இல்லை. ஊரின் பாதி நிலம் போனபின் மீதிப் பாதிக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலை எவர் தூர் வாருவர்? கருநாடக வருவாய்த் துறையில் ‘கோமாளம்’ எனப்படும் மேய்ச்சல் நிலம் ஆவணத்தில் அரசு நிலம். ஆகையால் அதற்கு இழப்பீடு இல்லை. ஆனால் நிலமற்றவர் வளர்த்த ஆடும் மாடும் மேய்ந்தது அங்கேதான். தமிழில் ‘புறம்போக்கு’ என்னும் சொல் ஊருக்குப் பொதுவாய் விடப்பட்ட நிலம் என்னும் பொருளிலிருந்து வழிந்து வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. ஒரு சமுதாயம் எதனை மதிப்பற்றதாகக் கருதத் தொடங்கியது என்பதற்கு இச்சொல் வரலாறும் சான்று.

நகரத்தின் தேவையை மறுத்து இவ்வாய்வு நிற்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பெங்களூர் மாநகராட்சி எல்லைக்குள் 84 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்குச் சாலையும் வேலையும் வேண்டும். ஓர் உழவர் மறுத்தால் ஒரு நகரமே நின்றுவிட வேண்டும் என்பது அறமாகாது. உழவுத் தொழில் நட்டமாகிவிட்டதால் நிலத்தை விற்க விரும்புவோர் பலர் என்பதும் உண்மை. இவ்வாதங்கள் அனைத்தும் நிலத்தை எடுக்கலாம் என்பதற்கே காரணமாகும். அதன் விலையைச் சிலரே தர வேண்டும் என்பதற்குக் காரணமாகா.

2010 மே மாதத்தில் அர்க்காவதி குடியிருப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திசையில் சிந்தித்தது குறிப்பிடத்தக்கது. பெங்களூர் வளர்ச்சி ஆணையம் 2004இல் 2,750 ஏக்கருக்கு இறுதி அறிவிக்கை வெளியிட்ட திட்டம் அது. எல்லாக் கையகப்படுத்தலும் ஒரே தன்மையன அல்ல. பயன் பெறுவோர் யாவர் என்பதைப் பொறுத்து அவை வேறுபடும். நகர் விரிவாக்கம் போன்றவற்றில் நிலம் இழந்தோருக்கு மேம்படுத்திய நிலத்தில் பங்கு தருதல் தக்கது என்னும் கருத்து அத்தீர்ப்பில் உள்ளது. பங்கு தருதலிலும் இடர் உண்டு. ஆந்திரத்தின் அமராவதியில் 2015 முதல் ஏறத்தாழ 33,000 ஏக்கரை உழவர் தாமே அரசிடம் ஒப்படைத்தனர். மனைகளாகத் திரும்பப் பெறுவோம் என நம்பினர். 2019இல் ஆட்சி மாறியதும் தலைநகர்ப் பணி நின்றது. 2024இல் மீண்டும் ஆட்சி மாறிய பின்னரே அது உயிர்பெற்றது. பங்காளியாக்கப்பட்ட உழவர் அரசியலின் இடரையும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது.

காலத்தின் விலை

நிலம் எடுத்தலில் காலமும் ஒரு பொருள். பெங்களூர் மைசூர்த் திட்டத்துக்கெனக் கொட்டிகெரேயில் வீட்டுமனைகள் 2003 சனவரியில் அறிவிக்கைக்கு உட்பட்டன; 2005இல் அவை உடையவரின் கையை விட்டுப் போயின. இழப்பீட்டு ஆணை 2019 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் 2011ஆம் ஆண்டின் மதிப்பைக் கொண்டே கணக்கிடப்பட்டது. 2025 சனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பதிகாரத்தைக் கையாண்டு, 2019 ஏப்ரல் மாத மதிப்பை அடிப்படையாகக் கொள்ளுமாறு பணித்தது. அறிவிக்கை முதல் தீர்ப்புவரை இருபத்திரண்டு ஆண்டுகள். 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமை என்னும் நிலையை இழந்தது. ஆயினும் 300அ பிரிவின்கீழ் அது அரசியலமைப்பு உரிமையாக நிலைபெற்றுள்ளது என்பதை நீதிமன்றம் அவ்வழக்கில் வலியுறுத்தியது. வழக்காடியோர் மனை வாங்கும் வசதி படைத்தோர். இருபது ஆண்டுகள் வழக்காடும் வலிமை மூன்று ஏக்கர் கேழ்வரகுக் கொல்லை உடையவருக்கு இருக்குமா என்பது தனி வினா.

அறிவிக்கையே ஒரு சுமையாகும். அறிவிக்கைக்கு உட்பட்ட நிலத்தை நல்ல விலைக்கு விற்க இயலாது. அதன்மேல் வங்கிக்கடன் பெறுதல் அரிது. கிணறு வெட்டவும் தென்னை நடவும் மனம் துணியாது. அரசு அதனை இன்னும் எடுக்கவில்லை; உழவரிடமும் அது முழுமையாக இல்லை. இவ்விடைநிலைக்கு எந்தச் சட்டமும் வாடகை தருவதில்லை.

ஒப்புதலும் குடியும்

தேவனஹள்ளியில் நிகழ்ந்தது சற்று வேறுபட்டது. 2008இல் அங்குப் பன்னாட்டு விமான நிலையம் இயங்கத் தொடங்கிய பின் சுற்றுப்புற நிலம் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டது. அவ்வட்டத்தின் சன்னராயபட்டண ஓபளியைச் சேர்ந்த 13 ஊர்களில் வானூர்தித் தொழிற்பூங்காவுக்கென 1,777 ஏக்கரை எடுக்கக் கருநாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் வழியாக அறிவிக்கை வந்தது. சிறு உழவரும் தலித் குடும்பங்களும் அந்நிலத்தில் பயிரிட்டு வந்தனர். 2022 ஏப்ரலில் தொடங்கிய அவர்களது அமர்வுப் போராட்டம் ஆயிரம் நாட்களைக் கடந்தது. 2025 சூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா கையகப்படுத்தலைக் கைவிடுவதாக அறிவித்தார். தாமே முன்வந்து நிலம் தருவோரிடமிருந்து மட்டும் கூடுதல் இழப்பீட்டுடன் பெறப்படும் என்றும் கூறினார்.

கையகப்படுத்தலிலிருந்து ஒப்புதலுக்கு நகர்ந்தது பெரிய மாற்றமே. தனியார் நிறுவனங்களுக்கான கையகப்படுத்தலில் 80 விழுக்காட்டுக் குடும்பங்களின் ஒப்புதலும், அரசும் தனியாரும் இணைந்த திட்டங்களில் 70 விழுக்காட்டின் ஒப்புதலும் வேண்டும் என 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. மாநிலச் சட்டங்களின் வழியாக நிலம் எடுத்தால் இவ்விதியின் கை அங்கே எட்டுவதில்லை. பெங்களூர் வளர்ச்சி ஆணையச் சட்டத்தின் கீழான கையகப்படுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2022 சனவரியில் தீர்ப்பளித்தது. தேவனஹள்ளி உழவர் பெற்ற ஒப்புதலுரிமை சட்டத்தால் வந்ததன்று. மூன்றாண்டுப் போராட்டத்தால் வந்தது.

எனினும் எவருடைய ஒப்புதல் என்னும் வினா எஞ்சுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்னும் தொடரை விரிவாக வரையறுக்கிறது. நிலவுடையவரோடு, மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளரும் குத்தகையாளரும் அதில் அடங்குவர். அவர்களுக்கு மறுவாழ்வு உதவி உண்டு. ஆனால் ஒப்புதலைக் கணக்கிடும் பிரிவு அவ்வரையறையை முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலவுடைய குடும்பங்களையும் அரசிடமிருந்து நிலம் ஒப்படைக்கப் பெற்ற குடும்பங்களையும் மட்டுமே எண்ணுகிறது. உடையவர் தாமே விரும்பி நிலத்தைத் தந்தால், விரும்பித் தந்த நிலம் என்பதால் கூலியாளரைப் பற்றிய பேச்சே எழாது. கட்டாயக் கையகப்படுத்தலில் பெயரளவிலேனும் அவருக்கு இருந்த இடம் ஒப்புதல்வழி விற்பனையில் இல்லாது போகிறது. கல்வெட்டு மொழியில் கூறுவதாயின், அது குடிநீக்கியே. கல்லில் மட்டும் அவ்வாறு எழுதப்படுவதில்லை.